உப்புக்காரியின் ஏழாம் நம்பர்

உப்பைத் தண்ணீரில் கரைக்க ஒருத்திக்கு எத்தனை வருடம் வேண்டும் என்று அவளுடைய அம்மா கேட்பதில் தப்பே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அவள் செய்துகொண்டிருந்தது அதுதான். காலையில் பஸ் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குப் போவாள். வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு உப்பை நிறுப்பாள், தண்ணீரில் கொட்டுவாள், கலக்குவாள், சொட்டுச் சொட்டாக எடுத்துச் சட்டைப் பித்தான் அளவு பேட்டரிக்குள் விடுவாள். சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்புவாள். "இன்னைக்காவது கரைஞ்சுதாடி?" என்று அம்மா கேட்பாள். கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் கேட்பாள். அதனால்தான் பதிலுக்குக் கத்தவும் முடியாது.

அக்கா வீட்டு மாடியில் அம்மாவும் அவளும் இருந்தார்கள். இரண்டு அறை, ஒன்றில் பாதியை அக்காவின் துணி துவைக்கும் இயந்திரம் பிடித்துக்கொண்டிருந்தது. அது சுற்றும்போது அவளுடைய படிக்கும் மேசையும் கூடவே நடுங்கும். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். எதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கேலி செய்வார் என்பதால் அந்த வீட்டில் அவளுடைய வேலையைப் பற்றி ஓரளவு தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"நம்ம போன் பேட்டரிக்குள்ள ஒரு திரவம் இருக்கு மாமா. அது தீப்பிடிக்கும். அதுக்குப் பதிலா தண்ணி இருந்தா பிடிக்காது" என்று ஒரு நாள் அவருக்குச் சொன்னாள்.

"அப்ப தண்ணிய ஊத்த வேண்டியதுதானே?"

"தண்ணி தாங்காது. கொஞ்சம் வோல்ட் ஏத்தினாலே வாயுவா பிரிஞ்சு போயிடும். உப்பை ஏராளமா போட்டா, தண்ணி உப்போட கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பிரியாது."

"அப்ப உப்பை ஏராளமா போட வேண்டியதுதானே?"

"அதை வேற ஆளுங்க எப்பவோ பண்ணிட்டாங்க மாமா. அது சாப்பாட்டு உப்பு இல்ல, விலை ஜாஸ்தி. பாதி உப்புல அதே வேலையை வாங்க முடியுமான்னுதான் நான் பாக்கறேன். மீதிக்கு ஒரு வழவழ திரவம் சேக்கறேன். களிம்புல எல்லாம் போடுவாங்க."

மாமா விரல் விட்டு எண்ணினார். "ஆக, தண்ணி, பாதி உப்பு, களிம்பு. இதை ஒப்பிச்சா எனக்கும் டாக்டர் பட்டம் தருவாங்களாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் இன்னும் சிரிக்க முடிந்தது. ஏழாம் நம்பர் அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

ஏழாம் நம்பர் என்பது அவள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வருடம் செய்த ஒரு செல். பித்தான் பேட்டரி ஒன்றை அங்கே எல்லோரும் செல் என்றுதான் சொல்வார்கள். அதே நாளில் அதே கலவையில் செய்த மற்றவை எல்லாம் சுமாராக ஓடிவிட்டுப் படுத்துவிட்டன. ஏழாம் நம்பர் மட்டும் சாகவில்லை. சாகாதது மட்டுமா, போகப்போகத் தேறிக்கொண்டு வந்தது. தண்ணீர் பிரிந்தே தீர வேண்டிய வோல்ட்டில் அசையாமல் நின்றது. சார் வந்து பார்த்தார். சார் என்றால் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர், அவளுடைய வழிகாட்டி. கணினித் திரையில் தெரிந்த வரைகோட்டைப் பார்த்துவிட்டு, "இது போதும்மா, உனக்குத் தலைப்பு கிடைச்சிடுச்சு" என்றார். அவரிடமிருந்து அந்த அளவு பாராட்டு வாங்கியவர்கள் கட்டடத்திலேயே குறைவு.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தண்ணீர்ப் பேட்டரியில் பெயர் வாங்கியவர் அவர். இளம் வயதில், குறைந்த உப்பிலேயே வெகுநாள் ஓடும் செல் ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். அந்த வேலையை வைத்துத்தான் அவருக்கு இந்தப் பதவி, இந்தக் கூடம், இத்தனை மாணவர்கள். உப்புக்காரியின் தலைப்பு அவருடைய மரத்தில் விட்ட ஒரு கிளை.

உப்புக்காரி என்ற பெயரைச் சூட்டியவன் கடுகு. அவளுக்கு ஒரு வருடம் மூத்த மாணவன். ஆள் சின்ன உருவம், எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிப்பான். அதனால் அவள் பதிலுக்குச் சூட்டிய பெயர்தான் கடுகு. அவள் இருந்த இடமெல்லாம் உப்பாக இருந்ததென்னவோ உண்மை. மேசையில், கையுறையில், நாற்காலிக் கைப்பிடியில், கைப்பையின் ஜிப்பில் கூட வெள்ளைத் தூள் இருக்கும். அதோடு கூடத்தின் காற்று எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும் என்று மூலையில் ஒரு இயந்திரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே உறுமும். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் உதடு வெடித்திருக்கும். பேச்சும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

ஏழாம் நம்பருக்குப் பிறகு அவள் தொட்டது எதுவும் துலங்கவில்லை. அதே உப்பு, அதே திரவம், அதே தண்ணீர். செல்லை வாய் மூடி அழுத்துகிற பழைய கை பிரஸ் தேய்ந்துவிட்டது என்று சார் போராடிப் புது பிரஸ் வாங்கித் தந்திருந்தார். கச்சிதமான இயந்திரம், பொத்தானைத் தட்டினால் ஒரே மாதிரி அழுத்தும். அதில் எத்தனையோ செல்களை மூடினாள். எல்லாம் கொஞ்ச நாள் ஓடும், பிறகு உள்ளே வாயு சேர்ந்து வயிறு உப்பி நின்றுவிடும். மூடுவதில்தான் கோளாறு என்று நினைத்தாள். இன்னும் கச்சிதமாக மூடினாள். உள்ளே வைக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினாள், ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எவ்வளவு கவனம் எடுத்தாளோ அவ்வளவு சீக்கிரம் செத்தன. அவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வருடம் ஒருமுறை கமிட்டி கூடும். ஒவ்வொரு மாணவரும் என்ன கிழித்தார்கள் என்று கேட்கும். வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வருவார். எல்லோருக்கும் அவர் மேடம். போன வருடம் அவளுடைய வரைகோட்டைப் பார்த்த மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "ஒரே ஒரு செல்தானாம்மா?"

"ஆமா மேடம்."

"ஒண்ணு வந்தா அதிர்ஷ்டம். மூணு வந்தா அறிவியல். அடுத்த தடவை மூணு கொண்டாங்க. இல்லன்னா வேற தலைப்பு பாத்துக்கோங்க."

வேறு தலைப்பு என்றால் முதலிலிருந்து. செய்தது அத்தனையும் குப்பைக்கு. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். இவள் மட்டும் மறுபடி வெறும் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

சார் ஒரு வழி செய்தார். அவள் எழுதித் தந்த முறைப்படி கடுகு செல் செய்து பார்க்கட்டும் என்றார். கடுகு தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டுச் செய்தான். பாவம், சிரத்தையாகத்தான் செய்தான். அவனுடையவையும் உப்பிச் செத்தன.

"உன் ஏழாம் நம்பருக்குள்ள என்னதான் போட்ட? மறைக்காம சொல்லு" என்றான்.

"எழுதிக் குடுத்ததுதான் போட்டேன்."

"அப்ப உனக்குக் கைராசி."

அவன் விளையாட்டாகச் சொன்னான். அது டீ குடிக்கும் இடத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் திரிந்து, "கைராசிக்காரி வரைஞ்ச கோடாம்" என்று திரும்பி வந்தது. வரைந்த கோடு. அதாவது அவளே கையால் வரைந்துகொண்டது. கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இவள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பொய் சொல்லியிருந்தாலாவது ஒரு பொய்க்காரிக்கு உள்ள நிம்மதி இருந்திருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டு அதை நிரூபிக்க முடியாமல் நிற்பதைப் போலக் கேவலம் வேறு இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பக்கத்து சீட்டுக்காரர் பாவம் பார்த்து ஜன்னலை மூடிவிட்டார், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து.

கமிட்டிக்கு இன்னும் சில மாதம் இருக்கும்போது அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றி அறுவை சிகிச்சை என்று ஆனது. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் விடுப்பு கிடைக்கவில்லை. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும்.

"உனக்குத்தான் சொட்டு சொட்டா விட்டுப் பழக்கம் இருக்கே" என்றாள் அக்கா. அதற்கு மேல் என்ன பேச முடியும்?

ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டு, ஏழாம் நம்பரைச் சோதனைக் கருவியிலிருந்து கழற்றி ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, "யாரும் தொடாதீங்க" என்று சீட்டு ஒட்டிவிட்டு வந்தாள். மனசு ஆறவில்லை. வீட்டில் அம்மா கண்ணை அகல விரித்துக்கொண்டு படுத்திருப்பாள், இவள் மருந்தை விடுவாள். பாதி கன்னத்தில் வழியும்.

"அங்கயும் இப்படித்தான் சிந்துவியா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா. அதான் எதுவும் உருப்பட மாட்டேங்குது."

"உருப்படலன்னா விட்டுட்டு வந்துடேன். யாரு உன்னைக் கையப் பிடிச்சு இழுத்தா?"

"விட்டுட்டு வந்தா நான் பொய்தான் சொன்னேன்னு ஆயிடும்மா."

அம்மா ஒற்றைக் கண்ணால் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல. சின்ன வயசுல கூட நீயே வந்து மாட்டிப்ப" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எழுந்துபோய்த் துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

அம்மாவின் கண் ஆறிய பிறகு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். அங்கியை மாட்டியதும் நேராகக் கண்ணாடித் தட்டுக்குப் போனாள். ஏழாம் நம்பரின் ஓரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். பொரிந்து, மேலே எழும்பி, தெளிவான உப்பு வளையம். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"கடுகு, இதுமேல எதைக் கொட்டின?"

"நான் அந்தப் பக்கமே வரல."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? தொடாதீங்கன்னு எழுதியே வச்சிட்டுப் போனேன்."

"தொடல உப்பு. சத்தியமா தொடல. நீதான் அதைத் தினமும் தொட்டுத் தொட்டு வைப்ப" என்று அவன் வெடித்தான்.

உண்மைதான். சோதனைக் கருவியில் இடம் குறைவு என்பதால் செல்களை மாற்றி மாற்றி மாட்டுவார்கள். மாட்டுவதற்கு முன் ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தால் ஓரத்தைத் துடைத்தே ஆக வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் சட்டம். அழுக்கு இருந்தால் செல்லின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒட்டிக்கொண்டு அளவு தப்பாகிவிடும். அவள் சட்டம் மீறாத பெண். ஏழாம் நம்பரைத் தினமும் காலையில் பிள்ளைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தாள். சில நாள் ஓரம் லேசாக மங்கியிருக்கும். தன் கையுறையில் இருந்த உப்புதான் என்று நினைப்பாள், துடைப்பாள், மாட்டுவாள்.

இந்தத் தடவை அவள் கூடத்திலேயே இல்லை. கையுறையும் இல்லை. உப்பு உள்ளேயிருந்து வந்திருக்கிறது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். செல் ஒழுகுகிறது. தேய்ந்த பழைய பிரஸ் அன்றைக்கு மற்றவற்றை எப்படியோ இறுக்கிவிட்டது, இதை மட்டும் சரியாக மூடவே இல்லை. அந்த இடுக்கு வழியாகக் காய்ந்த காற்று தண்ணீரை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் கசிகிறதில் கொஞ்சம் உப்பாகப் படிகிறது, பெரும்பாலும் தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது. தண்ணீர் போகப்போக உள்ளே மிச்சம் இருப்பது என்ன? நிறைய உப்பு, கொஞ்சம் தண்ணீர். அதாவது வேறு ஆட்கள் எப்பவோ செய்து முடித்த பழைய கதை. பாதி உப்பும் இல்லை, களிம்பின் மகிமையும் இல்லை.

"கடுகு" என்றாள். "என் செல் நல்லா ஓடினதே அதைச் சரியா மூடாததாலதான்."

அவன் குனிந்து பார்த்தான், வளையத்தை நகத்தால் சுரண்டினான்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள் இல்லை அவள். ஏழாம் நம்பரைத் தினமும் தராசில் வைத்தாள். தினமும் இம்மியளவு இளைத்தது. சாமான் அறையில் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கிடந்த பழைய பிரஸ்ஸை இருவரும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவளுடைய கலவையைப் போட்டு, மூன்று செல்களை அந்த பிரஸ்ஸில் கடுகுதான் மூடினான். துடைக்காமல் வைத்தார்கள். முதலில் சோம்பலாக ஓடின. வாரங்கள் போகப்போக ஓரத்தில் வெள்ளை கட்டக்கட்டத் தேறின. கடைசியில் மூன்றும் ஏழாம் நம்பரின் வரைகோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தன. பக்கத்திலேயே, உப்பை முழுசாக ஏராளமாகப் போட்டு, களிம்பே இல்லாமல், புது பிரஸ்ஸில் கச்சிதமாக மூடிய ஒரு செல்லையும் ஓட்டினாள். அதன் கோடும் அதே கோடு.

மேடம் கேட்ட மூன்று கிடைத்துவிட்டது. மூன்று வருடமாக ஏங்கியது கைக்கு வந்தபோது அவளுக்கு அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது. பொய் சொல்லவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. சொன்னது தப்பு என்பதும் கூடவே நிரூபணமாகிவிட்டது. எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை.

அடுத்ததைக் கடுகுதான் முதலில் சொன்னான். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவன் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இது உன்னோட நிக்காது உப்பு. அந்த பிரஸ் யாரோடது தெரியுமா? சார் இங்க வரும்போது தன்னோட கொண்டு வந்தது. அவர் பேர் வாங்கின செல்லெல்லாம் அதுல மூடினதுதான்."

அவளுக்கு அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை இன்னும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"குறைஞ்ச உப்புல ஓடுதுன்னு அவர் சொன்னதும்..." என்று அவள் தொடங்கினாள்.

"அதேதான். அதனால சொல்றேன், பேசாம இரு. செல் திரும்ப வரலன்னு சொல்லு. கமிட்டி தலைப்பை மாத்திடும். நீயும் தப்பிச்ச, அவரும் தப்பிச்சார்."

"நான் என்னத்த தப்பிச்சேன்? பொய்க்காரின்னு பேரோட போவேன்."

"உண்மையச் சொன்னா மட்டும் தலைப்பு மிஞ்சுமா? அதோட சாரையும் பகைச்சுப்ப. உன் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்."

சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அவளுக்குக் கடுகு மேல் கோபம் வந்தது, அவன் சொன்னது நியாயமாக இருந்ததால். பிரஸ் மேல் கோபம் வந்தது. மூலையில் உறுமிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் கோபம் வந்தது. மறுநாள் காலையிலேயே வரைகோடுகளை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போய்விட்டாள். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

சார் அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் எப்போதும் காகிதக் கட்டு உட்கார்ந்திருக்கும். அவள் நின்றுகொண்டே சொன்னாள். அவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகக் கேட்டார். வரைகோடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முகம் சிவந்தது.

"இத்தனை வருஷமா இதைக் கவனிக்கலையா நீ? ஓரத்துல உப்பு கட்டிக்கிட்டு நிக்குது. கண்ணு எங்க போச்சு?"

"கட்டலை சார். தினமும் துடைச்சிட்டேன்."

"ஏன் துடைச்ச? யாரு துடைக்கச் சொன்னா?"

அவள் தரையைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நீங்கதான் சார். சேர்ந்த முதல் நாளே சொன்னீங்க."

பேனா மூடி திறந்தபடியே நின்றது. அவர் நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடமும் ஒரு தகரக் கூரையும்தான் இருந்தன. அதை அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் எங்கே போய்விட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. தன் சொந்தச் செல்களிடம் போயிருந்தார்.

"சரி. கமிட்டியில உன் செல்லைப் பத்திச் சொல்லு" என்றார். பிறகு, அவளைப் பார்க்காமல், "அதை மட்டும் சொல்லு" என்றார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வந்த பிறகுதான் அந்த 'மட்டும்' முள்ளாகக் குத்தியது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்த தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம். அன்று முழுவதும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் மாமா ஏதோ கேலி செய்தார். சிரிக்காததைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கமிட்டி கூடிய அறையில் நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் வெளிச்சம் பாய்ச்சும் கருவி. மேடம் நடுவில். சார் ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு. அவள் ஏழாம் நம்பரின் உப்பு வளையத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினாள். எப்படித் துடைத்தாள், எப்படிக் கண்டுபிடித்தாள், மூன்று செல்லும் எப்படித் திரும்ப வந்தன, நான்காவது கோடு ஏன் அதன் மேலேயே விழுகிறது, எல்லாம் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களுக்குக் குரல் நடுங்காது போலிருக்கிறது.

"ஆக, பாதி உப்பு போதும்னு நீங்க சொன்னது?" என்று மேடம் கேட்டார்.

"தப்பு மேடம். போதாது."

மேடம் அந்த வளையத்தைப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்குப் போனது.

"இந்தப் பழைய பிரஸ்ல உங்களுக்கு முன்னாடி யாராவது தண்ணி செல் மூடியிருக்காங்களா?"

அவள் சார் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் 'மட்டும்' என்ற சொல் அவர் முகத்தில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டால் பிறகு சொல்ல முடியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அதை யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. அவள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க சார்."

எல்லாத் தலையும் மேசையின் ஓரத்துக்குத் திரும்பியது. சார் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். அவர் பேச எடுத்துக்கொண்ட அந்த நேரத்தில் அவள் தன்னுடைய வேலை, பட்டம், அம்மாவின் பெருமை எல்லாவற்றுக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டுவிட்டாள்.

"ஆமா" என்றார் சார். "என்னோட செல் எல்லாமே அதுல மூடினதுதான். எடை போட்டுப் பாக்கணும்னு எனக்கு ஒரு நாளும் தோணல. நானும் தினமும் துடைச்சிட்டுத்தான் மாட்டினேன்."

மேடம் எதுவும் எழுதவில்லை. அவளைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்.

நடைபாதையில் கடுகு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். கதவு மெல்லிசு, எல்லாம் கேட்டிருக்கும். "பைத்தியம்" என்றான். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். உள்ளே பேச்சு நீண்டுகொண்டே போனது. அடுத்துப் பேச வேண்டிய மாணவர்கள் காகிதங்களோடு வந்து, விஷயம் தெரியாமல் வரிசையில் நின்றார்கள். அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எந்த நல்லது நடந்தாலும் எந்தக் கெட்டது நடந்தாலும் இப்படி ஒரு நடைபாதையில் நிற்க வைத்துவிடுகிறார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் என்ன?

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு சார்தான் வந்தார். மற்றவர்கள் உள்ளேயே இருந்தார்கள். மூக்குக் கண்ணாடி கையில் இருந்தது. கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. வேறு யாரோ போல இருந்தார்.

"உன் தலைப்பு போச்சும்மா. புதுசா எடுத்துக்கச் சொல்லிட்டாங்க" என்றார்.

அவள் தலையாட்டினாள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தால் வலிக்காது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, நன்றாகவே வலித்தது. இத்தனை வருடமும் ஒரு நாள் இந்த மனிதரிடம் கத்தித் தீர்க்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. பிரஸ், துடைக்கிற சட்டம், "கண்ணு எங்க போச்சு", "மட்டும்", எல்லாம்.

"என்னோட பழைய கட்டுரைகளையும் தப்புன்னு சொல்லித் திரும்ப வாங்கிக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார் அவர். "எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

அவளுக்குக் கத்த ஆள் இல்லாமல் போய்விட்டது. எதிரே நின்றவரும் அவளைப் போலவே மறுபடி வெறும் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டியவர். வயது மட்டும் அவருக்கு அவளைப் போல இரண்டு மடங்கு.